சிவப்பு எந்தக் கட்டத்துக்கு?

அந்த அக்காவை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே பிடிக்காது. பேரைச் சொல்லமாட்டேன். எங்கேயாவது பேரப்பிள்ளைகளை மிரட்டிக்கொண்டு நன்றாக இருப்பாள், இருக்கட்டும். தொழிற்சாலையில் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் 'சாயக்காரி' என்போம். நேரில் சொன்னால் அறை விழும். அறை என்றால் விளையாட்டுக்குத் தட்டுவது இல்லை, காதுக்குள் கொஞ்ச நேரம் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நானே வாங்கியிருக்கிறேன், வேறொரு காரியத்துக்கு.

எண்பதுகளின் கடைசி அது. மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு வெளியே, செம்பனைக் காட்டை அழித்து ஒரு கையுறைத் தொழிற்சாலை கட்டியிருந்தார்கள். ஊர் உலகத்தில் இருக்கிற டாக்டர்களுக்கெல்லாம் திடீரென்று ரப்பர் கையுறை வேண்டியிருந்தது. கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் வைத்து ஆள் ஏற்றி வந்தார்கள். நேற்று வரைக்கும் மரத்தில் பால் எடுத்தவர்கள், இன்றைக்கு அதே பாலில் கையுறை செய்ய வந்தோம். சங்கிலியில் பீங்கான் கைகள் வரிசையாகத் தொங்கும். அவை பாலில் முங்கி, அடுப்புக்குள் போய் வெந்து வெளியே வரும்போது, பெண்கள் நின்றுகொண்டு கையுறையை உரித்துப் போடவேண்டும். ஒரு கணம் தாமதித்தால் அடுத்த பீங்கான் கை வந்து விரலில் இடிக்கும். எல்லாப் பெண்களுக்கும் நகம் கறுத்திருக்கும்.

நான் டைப்பிங் படித்தவள் என்பதால் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. கட்டம் கட்டமாக எண்களைத் தட்டவேண்டும். எந்த வரிசையில் எவ்வளவு கழிவு, அடுப்பில் எவ்வளவு சூடு, அடுப்பைப் பார்த்த ஆள் யார், யார் வேலைக்கு வந்தார்கள், யார் மட்டம். தட்டி முடித்தால் பிரிண்டர் 'கிர்ர் கிர்ர்' என்று கத்திக்கொண்டே நீளமாகக் காகிதத்தைத் துப்பும். அதை, ஆபீசில் கணக்குப் பார்த்த அக்கா வாங்கிச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பென்சிலை எடுப்பாள்.

இன்றைக்கு என் மகள் கணினியில், 'அந்தக் கட்டத்தில் இவ்வளவுக்கு மேல் வந்தால் இந்தக் கட்டம் தானாகச் சிவக்கட்டும்' என்று ஒரு கட்டளை கொடுத்துவிட்டு மைலோ கலக்கப் போகிறாள். எங்களுக்கு அந்தக் கட்டளையே அக்காதான்.

மற்றவர்களாக இருந்தால் கழிவு அதிகமான கட்டத்துக்குத்தான் சிவப்புப் பூசுவார்கள். நானும் அப்படித்தான் முதல் வாரம் உதவி செய்கிறேன் என்று பூசினேன். அதற்குத்தான் அந்த அறை.

"எங்க வலிக்குதோ அங்கயா பூசுவ? அடிச்சவன் எங்க இருக்கான்னு பாருடி. பக்கத்துக் கட்டத்தப் பாரு. அவனுக்குப் பூசு."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். கழிவு எகிறிய வேளையில் எல்லாம் பக்கத்தில் அடுப்புச் சூடு எகிறியிருந்தது. சூட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெயர் மணியம். அக்கா அந்தப் பெயரின் மேல் பென்சில் முனை உடையும்வரை தேய்த்தாள்.

அவளுக்கு எல்லாமே இப்படித்தான். ஒருநாள் பஸ் சடாரென்று பிரேக் போட்டதில் முன்னால் நின்ற பெண்ணுக்கு உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. நாங்கள் எல்லோரும் துணி தேடினோம். அக்கா நேராக டிரைவரிடம் போனாள். "குறுக்க மோட்டார் வந்துச்சுக்கா" என்றான் அவன். பாதி வழியில் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த அந்த ஆளைப் பிடித்துச் சட்டையைக் கிழித்து, சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தாள். அடிபட்ட பெண்ணை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். எனக்கு அது ஆத்திரமாக இருந்தது.

அவள் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் எடுத்து மோட்டாரில் தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாக விற்கிற பரமசாது. மீன் நாறிப்போனால் அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். ஐஸ் கட்டி விற்கிறவன் வீட்டுக்குப் போய் வாசலில் மீனைக் கொட்டிவிட்டு வருவாள்.

மணியத்தின் கதைக்கு வருகிறேன். அவன் அடுப்புக்காரன். சூட்டை ஏற்றி வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் ஓடும், அவன் பின்னால் போய்ச் சாய்ந்துகொள்ளலாம். கையுறை கருகி, உரிக்கும்போதே கிழியும். திட்டு மட்டும் உரிக்கிற பெண்களுக்கு. ஒருநாள் மேனேஜர் வரிசைக்கே வந்து, கிழிந்த கையுறைகளை அள்ளி ஒரு பெண்ணின் முகத்தில் வீசினார். அவள் அழுதுகொண்டே நின்றாள். அக்கா ஆபீசிலிருந்து வந்தாள். மேனேஜரைத் தாண்டி, அழுதவளைத் தாண்டி, அடுப்புக்குப் பின்னால் போனாள். மணியத்தின் பிடரியைப் பிடித்து இழுத்து வந்து, சூடு காட்டுகிற முள்ளுக்கு முன்னால் அவன் முகத்தை வைத்து அழுத்தினாள். அடுப்புக் கதவின் அனலில் அவன் புருவம் கருகுகிற வாடை எங்களுக்கு வந்தது.

"படிடா. எவ்ளோ காட்டுது? வாயத் தொறந்து படி."

அவன் படித்தான். பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. கை தட்டாமல் நின்றவள் ஒருத்திதான். அவள் சரசு, மணியத்தின் பெண்டாட்டி. மூன்றாம் வரிசையில் உரிக்கிறவள். புருஷனை எல்லோர் முன்னாலும் அப்படிச் செய்தால் யார்தான் கை தட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மணியத்தின் கட்டம் அடிக்கடி சிவந்தது. சிவந்தால் அவனுடைய போனஸ் குறையும். பஞ்ச் கார்டு மெஷின் பக்கத்துச் சுவர் என்பதால் வருகிறவன் போகிறவன் எல்லாம், "என்னா மணியம், இன்னிக்கும் செவப்பா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவனும் சிரித்துக்கொண்டே போவான்.

சரசு மட்டம் போட ஆரம்பித்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வரமாட்டாள். மறுநாள் வந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள். மேனேஜர் ஒரு திங்கட்கிழமை என்னிடம், சரசுவுக்கு வேலை நீக்கக் கடிதம் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பிள்ளைகள் அவளுக்கு. மணியத்தின் சம்பளம் பாதி சம்சுச் சாராயக் கடையிலேயே நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரியும். இந்த வேலையும் போனால் அவள் அந்த வீட்டை விட்டு ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

"அடிக்காத. கடுதாசி அடிச்ச, கைய ஒடச்சிருவேன்" என்றாள் அக்கா. சரசுவை ஆபீசுக்குக் கூப்பிட்டாள்.

"ஏன்டி வரமாட்டேங்குற? யாரு காரணம்? சொல்லு, நான் பாத்துக்கறேன்."

சரசு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாருக்கோ வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க அங்க செவப்புப் பூசினா, எனக்கு வீட்டுல விழுதுக்கா."

அக்காவுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து அவளே மறுபடியும் சொன்னாள். "அவருக்கு நீங்க பூசுறீங்க. அவரு எனக்குப் பூசுறாரு. ஒங்கள அடிக்க முடியாதுல்ல."

அவள் போன பிறகு அக்கா அலமாரியைத் திறந்து பழைய காகிதங்களை எல்லாம் இழுத்துத் தரையில் விரித்தாள். முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலை மணியத்தின் வரியிலும் இன்னொரு விரலை சரசுவின் வரியிலும் வைத்து ஊர்ந்துகொண்டே போனாள். இங்கே சிவப்பு, மறுநாள் அங்கே காலி. இங்கே சிவப்பு, மறுநாள் அங்கே காலி. தொழிற்சாலையில் கை தட்டினோமே, அந்த நாளுக்கு மறுநாளும் காலிதான். அக்கா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது, கையிலிருந்த பென்சிலை இரண்டாக முறித்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாளிலிருந்து மணியத்தின் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. கழிவு எகிறியது, சூடு எகிறியது, பெயர் மட்டும் வெள்ளை. மேனேஜர் கேட்டதற்கு, "சூட்ட நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். மாட்டைப்போல நின்று வாங்கிக்கொண்டாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் சரசு ஒழுங்காக வந்தாள். ஒரு மாதம்போல, ஒருநாள் விடாமல் வந்தாள். ஒருமுறை கேண்டீனில் சிரித்தாள்கூட.

அப்புறம் ஒரு காலை அவள் வரவில்லை. அக்கா சுவருக்கு ஓடினாள். முந்தின நாள், அதற்கு முந்தின நாள், மணியத்தின் கட்டம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவும் நானும் மோட்டாரில் அவளுடைய லயத்துக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சரசு அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. தரையில் முடி கிடந்தது. உதிர்ந்த முடி இல்லை, தோலோடு பிடுங்கிய கொத்து. குழம்புச் சட்டி உடைந்து சுவரெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது.

"எதுக்குடி?" என்றாள் அக்கா.

"கொழம்புல உப்புக் கம்மியாம்."

அக்கா சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உப்பா?" என்றாள். "உப்பாடி? நான் ஒரு மாசமா எவன் எவன்கிட்டயோ ஏச்சு வாங்கிக்கிட்டு, பொய் எழுதிக்கிட்டு, அவனுக்கு வெள்ளையா வெச்சிருக்கேன். இவனுக்கு உப்பு!" பிறகு சுவரில் ஓங்கிக் குத்தினாள். பலகைச் சுவர் அதிர்ந்து, பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. "காரணம் என் செவப்பு இல்லடி. உப்பும் இல்ல. எல்லாக் கட்டத்தையும் பாத்துட்டேன். அவன்தான்."

சரசுவுக்குத் தலையில் துணி சுற்றி, அவளை நடுவில் உட்கார வைத்து, மூவராக ஒரே மோட்டாரில் போலிஸ் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் இளவயசு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், சரசுவுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், எழுதினால் உங்களுக்குத்தான் கஷ்டம் என்று மலாயில் சொன்னார். "இவ மொகத்தப் பாத்துமா எழுத மாட்ட?" என்று அக்கா தமிழில் கத்தினாள். அவருக்குப் புரிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டார். அப்போது கோயில் திருவிழாவில் அடித்துக்கொண்ட இரண்டு வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவனுக்குச் சின்னதாக மூக்கில் ரத்தம். உடனே தடித்த புத்தகத்தைத் திறந்து, யார் அடித்தது, எங்கே அடித்தது, எதற்காக அடித்தது என்று கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். அக்கா அதை நின்று பார்த்தாள். நான் இழுத்தும் வரவில்லை. அவர்கள் எழுதி முடிக்கும்வரை பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

அக்கா சரசுவையும் பிள்ளைகளையும் அன்றைக்குத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டாள். "நாளைக்கு வேலைக்கு வா. மொகம் எப்படி இருந்தாலும் வா" என்று மட்டும் சொன்னாளாம்.

மறுநாள் காலை வேலை தொடங்கி, சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வரிசையிலும் ஆள் இருந்தது. மணியம் சரசுவைப் பார்த்துவிட்டு அவளை நோக்கி வந்தான். "எங்கடி போன?" என்று அவன் கேட்டது எனக்குக் கேட்டது. அதற்குள் அக்கா வந்துவிட்டாள். மாற்றுவதற்காகப் பெட்டியில் அடுக்கியிருந்த பீங்கான் கை ஒன்றை, மணிக்கட்டுப் பக்கமாகப் பிடித்திருந்தாள். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. அவன் கையை ஓங்கினான். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது, பீங்கான் விரல்கள் சிதறி என் காலடி வரைக்கும் வந்தன. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அக்கா இன்னொன்றை எடுத்து அவன் காலிலும் போட்டாள். மூன்றாவதை எடுக்கும்போதுதான் ஆண்கள் நாலு பேர் வந்து அவளைப் பிடித்தார்கள். அவள் திமிறவில்லை.

"போலிசக் கூப்பிடு" என்றாள் என்னைப் பார்த்து. "நீயே போன் பண்ணு கம்ப்யூட்டரு. சீக்கிரம் லா."

அன்றோடு அவளுக்கு வேலை போனது. கோர்ட்டில் அபராதமும் கட்டினாள், மீன்காரர் மோட்டாரை விற்றுத்தான் கட்டினார். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அந்த அரைமணி நேரம் இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மணியத்தை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு ஒரு வயதான போலிஸ் சார்ஜன் வந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவராம். தரையில் கிடந்த பீங்கானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "என்னா நடந்துச்சு?" என்றார்.

முதல் வரிசைப் பெண் ஒருத்தி, "வழுக்கி விழுந்துட்டாரு சார். தரை ஈரம்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும், "ஆமா சார், வழுக்கிதான்" என்றாள். அப்படியே வரிசை வரிசையாக எல்லோரும் சொன்னார்கள். அக்காவைப் பிடித்திருந்த ஆண்களும் சொன்னார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் சொன்னேன். கடைசியில் சார்ஜன் சரசுவிடம் வந்தார். அவளும் தலையைக் குனிந்தபடி, "வழுக்கி விழுந்துட்டாருங்க" என்றாள்.

"எவடி அவ?" என்று அக்காவின் கத்தல். "எவ சொன்னது வழுக்கினான்னு? நான் அடிச்சேன். இந்தக் கையால அடிச்சேன். எழுதுங்க சார், என் பேர எழுதுங்க."

"சும்மா இருங்கக்கா" என்று யாரோ கெஞ்சினார்கள். அவள் கேட்பதாக இல்லை. பெயரைச் சொன்னாள், அடையாளக் கார்டை எடுத்து நீட்டினாள், எத்தனை அடி, எங்கெங்கே அடி என்று வரிசையாகச் சொன்னாள். சார்ஜன் எழுதிக்கொண்டே வந்தார்.

"சரி. எதுக்கு அடிச்ச?"

"அத சரசுகிட்ட கேளுங்க."

"அடிச்சது நீ. ஒன்னத்தான் கேக்கணும்."

"எதுக்குன்னு ஒரு எடம் இருக்குல்ல அதுல? நேத்து பாத்தேன் ஒங்க போலிஸ் பாலாய்ல. அத நெரப்பாம விட முடியுமா?"

சார்ஜன் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார்.

"முடியாதுல்ல. காரணம் எங்கிட்ட இல்ல சார், அந்தா அங்க நிக்கிது. அவ வந்து சொன்னப்ப ஒங்க ஆளு எழுத மாட்டேன்னுட்டாரு. இப்ப என் கேசு. இப்ப எழுதித்தானே ஆவணும்?"

யாரோ மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கொட்டகையில் சத்தமே இல்லை. சார்ஜன் மெல்லத் திரும்பி, பேனாவோடு சரசுவின் முன்னால் வந்து நின்றார். அக்கா அவளை மிரட்டவில்லை. "சொல்லு தங்கச்சி" என்றாள். அப்படியொரு குரல் அவளிடம் இருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சரசு இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றினாள். காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல், தோல் செக்கச்செவேலென்று இருந்தது. உரிக்கிற பெண்களில் ஒருத்தி "அம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது முந்தாநேத்து" என்றாள் சரசு. சட்டைக் கையைச் சுருட்டினாள். "இது போன வருசம் மாரியம்மன் திருவிழாவுக்கு மொத நா." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "இதுக்கு முந்துனதும் இருக்கு சார். கல்யாணம் ஆன வருசத்துலேருந்து சொல்லவா?"

சார்ஜன் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, உட்கார்ந்து எழுத ஒரு நாற்காலி கேட்டார்.